எள்ளளவு எழுத்து

"அண்ணி, கெளம்பி கடைக்கு வாங்க. நாராயணசாமி வந்து உக்காந்துக்கினு இருக்காரு."

போனில் நாத்தனார் ஷாலினி சொன்னதைக் கேட்டதும் தேவிப்ரியா கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேடையில் வைத்தாள். "உங்க அண்ணன் எங்க?"

"அண்ணன் காலையிலேயே வெள்ளிமலை போயிட்டாரு, ஸ்கூல் போர்டு மாட்ட. போன் போட்டா லைன் கெடைக்கல. இவரு உங்களத்தான் பாக்கணும்னு சொல்றாரு."

"என்னையா? எதுக்கு?"

"தெர்ல அண்ணி. திட்டல, சண்டை போடல. சும்மா உக்காந்துக்கினு இருக்காரு. அதான் பயமா இருக்கு."

தேவிப்ரியா கடைப்பக்கம் போய்ப் பத்து நாளுக்கு மேல் இருக்கும். சங்கராபுரம் கல்யாண மண்டபத்து வாசலில் அந்த பேனரைத் தூக்கிக் கட்டிய நாளோடு நின்றது.

நாராயணசாமியின் மணிவிழா பேனர் அது. ஆளுயரப் படம், தங்க நிறச் சட்டம், மேலே வாழ்த்து, எல்லாம் சரியாகத்தான் வந்திருந்தது. கீழே மகன், மகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பெயர்கள் வரிசையாக நின்ற இடத்துக்குச் சற்று மேலே, கருநீலப் பட்டையில், சாம்பல் நிறத்தில் ஒரு சொல்: 'கண்ணீருடன்'. வேறொருவருக்குச் செய்த அஞ்சலி பேனரின் சட்டத்தையே எடுத்து மாற்றிச் செய்ததில், மறைத்திருக்க வேண்டிய அந்தச் சொல் மறையாமல் தங்கிவிட்டது. பந்திக்கு வந்த ஒருவர் அதைச் சத்தமாகப் படித்தார். நாராயணசாமியின் மனைவி குஞ்சம்மாள் பட்டுப்புடவையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

செய்தவள் தேவிப்ரியா. வீட்டுக்கு வந்த இளவரசன் மனைவியை ஒரு வார்த்தை திட்டவில்லை. "கொஞ்ச நாளு வூட்ல இரு தேவி. ஷாலினிதான் வந்துட்டால்ல, அவ பாத்துக்கட்டும்" என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

நைனார்பாளையத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண். கல்யாணத்துக்குப் பிறகுதான் கம்ப்யூட்டரைத் தொட்டாள். கள்ளக்குறிச்சியில் இளவரசன் பேனர் கடை போட்டபோது டிசைன் செய்ய ஆள் நிற்கவில்லை. வருகிறவன் எல்லாம் வேலை பழகிக்கொண்டு சேலத்துக்கு ஓடினான். "நான் கத்துக்கறேன்" என்று அவளே போய் உட்கார்ந்தாள். அந்த நாற்காலிதான் கணவனையும் அவளையும் ஒரே கடையின் இரண்டு தூண்களாக ஆக்கியது. இப்போது ஒரு தூணைப் பிடுங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்ததுபோல் இருந்தது அவளுக்கு.

குழம்பை இறக்கிவைத்துவிட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

*

நாராயணசாமி கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில், கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரும்புத் தோட்டத்து வெயில் ஏறிய முகம். அவளைப் பார்த்ததும் எழுந்தார். அவர் எழுந்தது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"உக்காருங்க. நான்..." என்று தொடங்கினாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. வேணும்னு யாராவது செய்வாங்களா? எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. எங்க வூட்லதான்..." அவர் மேல்துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "குஞ்சம்மா சரியா சாப்புடறது இல்ல. நான் மோட்டார் போட கரும்புக் கொல்லைக்குப் போனாக்கூட பின்னாடியே வர்றா. சொன்னா கேக்கல. நேத்து என்ன சொல்றான்னா, எழுதுன கையே அத மாத்தி எழுதித் தரணுமாம். வேற ஆளு எழுதுனா கணக்குல வராதாம்."

ஷாலினி அண்ணியைப் பார்த்தாள்.

"பெரிசா வேணாம்மா. வூட்டு வாசல்ல கட்டற அளவுக்கு ஒண்ணு. சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன். உர ஆபீசுல ஒரு வேலை இருக்குது, அதப் பாத்துட்டு வரேன்."

"நானேவா?" என்றாள் தேவிப்ரியா.

"நீயேதான். அதுக்குத்தான வந்தேன்."

அவர் படியிறங்கிப் போனபின்பும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஷாலினி நாற்காலியை விட்டு எழுந்து, துணியால் அதை ஒரு தட்டுத் தட்டினாள்.

"உக்காருங்க அண்ணி. உங்க எடம்தான்."

*

அந்தக் கம்ப்யூட்டர் ஷாலினி வாங்கிக் கொடுத்தது. சென்னையில் டிசைன் வேலையில் இருந்தபோது, முதல் போனசில் அண்ணனுக்கு என்று வாங்கினாள். பழைய திரையை ஓரங்கட்டி, மெல்லிய விளிம்போடு பளபளவென்ற புதுத் திரையை அவளே பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனாள். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் படம் என்ன தெளிவு என்றார்கள். அது உண்மை. முகத்தின் ஒவ்வொரு முடியும் தெரிந்தது.

ஆனால் படத்தைச் சுற்றியிருந்த மெனுவும் பட்டன்களும் பெயர்களும் எல்லாம் சிறுத்துப்போயின. பழைய திரையில் பருப்பளவு இருந்தவை எள்ளளவு ஆகிவிட்டன. அதிலும் சாஃப்ட்வேரின் முகப்பு முழுக்கக் கறுப்பு, அதன்மேல் சாம்பல் நிற எழுத்து. கறுப்புத் தட்டில் எள்ளைக் கொட்டிவிட்டுப் பொறுக்கச் சொன்ன மாதிரி.

தேவிப்ரியா யாரிடமும் சொல்லவில்லை. நாத்தனார் ஆசையாக வாங்கிக் கொடுத்ததைக் குறை சொல்வதா? அதோடு, கோளாறு அதில்தானா, தன்னிடமா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. எந்த மெனு எங்கே என்று கை நினைவு வைத்திருந்தது. அதை நம்பி ஓட்டினாள்.

இப்போதும் அப்படித்தான் உட்கார்ந்தாள். பழைய பேனரின் ஃபைலைத் திறந்தாள். வலப்பக்கம் லேயர்கள் வரிசையாக நின்றன. கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல், படம் ஒரு லேயர், பெயர் ஒரு லேயர், சட்டம் ஒரு லேயர். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொடியாக ஒரு கண் படம். அதைத் தட்டினால் அந்த லேயர் மறையும். மறுபடி தட்டினால் தெரியும். எந்தக் கண் எந்த வரிக்கு உரியது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

பழக்கதோஷம். யோசிக்காமலே கைப்பேசியை எடுத்தாள். திரையை ஒரு போட்டோ பிடித்தாள். இரண்டு விரலால் அதை இழுத்துப் பெரிதாக்கி, உதடசைத்துப் படித்தாள். பிறகு மௌசை நகர்த்தினாள்.

பின்னால் நின்ற ஷாலினி குனிந்து பார்த்தாள்.

"இன்னா அண்ணி செய்றீங்க?"

தேவிப்ரியா கைப்பேசியை மடியில் கவிழ்த்தாள். "ஒண்ணும் இல்ல."

"போட்டோ புடிச்சா படிக்கிறீங்க? எப்ப இருந்து?"

"எல்லாத்துக்கும் இல்ல. அவசரம்னா..."

"எப்ப இருந்து அண்ணி?"

"நீ புதுசா மாட்டிக் குடுத்ததுல இருந்து."

ஷாலினி பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சற்று நேரம் திரையையே பார்த்தாள். அது அவள் கண்ணுக்கு ஏற்ப அவளே அமைத்தது. சென்னையில் அவள் கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் கறுப்பாக, பொடியாக வைத்துக்கொள்வார்கள். வேலைக்கு இடம் நிறையக் கிடைக்கும். இந்த நாற்காலியில் உட்காரப்போவது யார் என்று அன்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"எதச் சொல்றது? நீ ஆசையா வாங்கனது. எல்லாரும் நல்லா இருக்குதுன்றாங்க. எனக்கு மட்டும் தெரியலன்னா, கண்ணுதான் போச்சுன்னு உங்க அண்ணன் ஒக்கார வெச்சிடுவாருன்னு..."

"ஒக்காரத்தான வெச்சாரு" என்றாள் ஷாலினி மெதுவாக.

வெளியே சின்னசேலம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நவுருங்க அண்ணி. இத மொதல்ல சரி பண்ணுவோம்."

*

அது அவ்வளவு லேசில் சரியாகவில்லை.

ஷாலினி முதலில் கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்து, அளவை நூறிலிருந்து நூற்றைம்பதுக்கு ஏற்றினாள். ஃபோல்டர் பெயர்கள், கடிகாரம், எல்லாம் ஊதிப் பெருத்தன. தேவிப்ரியாவுக்கு முகம் மலர்ந்தது. ஆனால் டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்தபோது, அது மட்டும் அசையாமல் பழையபடியே எள்ளாக நின்றது.

"இது ஏன் கேக்க மாட்டேங்குது?"

"பழைய வெர்ஷன் அண்ணி. வெளிய சொல்றது அதுக்குக் கேக்காது. அதுக்கு உள்ள போய்த் தனியா சொல்லணும்."

உள்ளே போனாள். முகப்பின் எழுத்தை மட்டும் பெரிதாக்கும் ஓர் இடம் இருந்தது. மாற்றினாள். மூடித் திறந்தாள். எழுத்து கொஞ்சம் தேறியது. பட்டன்களும் கண் படங்களும் தேறவில்லை. பிறகு சாஃப்ட்வேரின் ஐகானிலேயே போய், பெரிதாக்கும் பொறுப்பைக் கம்ப்யூட்டரிடமே விடும்படி மாற்றினாள். இந்த முறை எல்லாம் பெரிதாக வந்தன, ஆனால் ஈரத்தில் ஊறிய அச்சு மாதிரி ஓரம் மங்கி வந்தன.

"இது எனக்கே கண்ண வலிக்குது" என்று அதை எடுத்துவிட்டாள்.

தேவிப்ரியா டீ வாங்கி வந்தாள். ஷாலினி குடிக்க மறந்து இணையத்தில் யார் யாரோ எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் முகப்பு முழுவதையும் பெரிதாக்கும் அமைப்பு வேறு ஓர் அறையில் ஒளிந்திருந்தது தெரிந்தது. 'தானாக' என்று இருந்ததை மாற்றி இரட்டிப்பு என்று வைத்தாள். மூடித் திறந்ததும் பட்டன்கள் எல்லாம் அதிரசம் அளவுக்கு வந்து பாதித் திரையை அடைத்துக்கொண்டன. தேவிப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண்டப நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

"இருங்க, சிரிக்காதீங்க. திரையோட அளவ ஒரு படி கொறச்சா சரியா வரும்."

வந்தது. பிறகு கறுப்பு முகப்பை வெளிர் சாம்பலாக்கி, எழுத்தைக் கறுப்பாக்கினாள். லேயர்களின் சின்னப் படங்களைப் பெரிதாக வைத்தாள். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு "இப்ப?" என்று கேட்டாள். "கொஞ்சம் கம்மி பண்ணு", "இது ஜாஸ்தி", "அப்டியே வை" என்று தேவிப்ரியா சொல்லச் சொல்ல மாற்றினாள். வெளியில் வெயில் சாய்ந்திருந்தது.

வலப்பக்கத்தில் 'கண்ணீருடன்' என்ற பெயரும், அதன் பக்கத்தில் ஒரு கண்ணும், தெள்ளத் தெளிவாகத் தெரிந்தன. தேவிப்ரியா அந்த லேயரை மறைக்கவில்லை. தேர்ந்தெடுத்து, அழித்தாள்.

"இப்டி இருந்திருந்தா அன்னிக்கி நடந்திருக்காதுல்ல?" என்றாள் ஷாலினி.

"நடந்திருக்காது."

ஷாலினி ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள். "அண்ணி, ஒண்ணு சொல்லட்டா? யாருக்கும் இன்னும் சொல்லல."

"சொல்லு."

"பெங்களூர்ல ஒரு வேலை வந்திருக்குது. இன்னிக்குள்ள பதில் சொல்லணும். சென்னைல கம்பெனி மூடுனதுல இருந்து தேடிக்கினுதான் இருந்தேன். நீங்க வூட்ல உக்காந்ததும் எப்டிப் போறதுன்னு தெரியல. அண்ணன் ஒத்த ஆளா தவிப்பாரு. முடியாதுன்னு எழுதிடலாம்னுதான் இருந்தேன்." அவள் திரையைக் கையால் காட்டினாள். "இப்ப நீங்க பாத்துக்குவீங்கல்ல?"

தேவிப்ரியா அவள் கன்னத்தைத் தட்டினாள். "நான் எதுக்கு இருக்கேன்? போய்ட்டு வா."

ஷாலினி உடனே பதில் எழுதவில்லை. "மொதல்ல இந்த பேனர முடிங்க. அப்பறம் அனுப்பறேன்" என்று கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, அச்சு மெஷினில் பேனர் துணியை ஏற்றப் போனாள்.

*

வேலை ஓடியது. கை பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. நாராயணசாமியின் படத்தோடு இந்த முறை குஞ்சம்மாளையும் பக்கத்தில் சேர்த்தாள். மணிவிழாவில் எடுத்த படம். பேனரைப் பார்ப்பதற்கு முன்னால் எடுத்தது போலிருக்கிறது, சிரித்துக்கொண்டிருந்தாள். பெயர்களை நேராக நிறுத்துவதற்காக, திரை முழுவதும் மெல்லிய கட்டக் கோடுகளை வரவைத்தாள்.

வாசல் பக்கமிருந்து புழுதி அடித்தது. இடது கண்ணில் ஏதோ விழுந்தது. முந்தானையால் அந்தக் கண்ணைப் பொத்திக் கசக்கியபடியே வேலையைப் பார்த்தாள்.

கோடுகள் வளைந்திருந்தன.

நடுவில், குஞ்சம்மாளின் முகம் இருந்த இடத்தில், நேராக வந்த கோடு ஒன்று குழிக்குள் இறங்குவதுபோல் உள்வாங்கி மீண்டும் ஏறியது. அதைச் சுற்றி, சாணித்தண்ணி காய்ந்த மாதிரி ஒரு மங்கல். செட்டிங்கில் எதையோ தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்தாள். கையை எடுத்தாள். இரண்டு கண்ணாலும் பார்த்தபோது கோடுகள் நேராகத்தான் நின்றன.

மறுபடி இடது கண்ணை மூடினாள். வளைந்தன. வலது கண்ணை மூடினாள். நேராகின.

அந்த மங்கலை அவள் இதற்கு முன்னும் பார்த்திருக்கிறாள். புதுத் திரையின் பளபளப்பு என்று நினைத்திருந்தாள். சோர்வு என்று நினைத்திருந்தாள். திரையின்மேல் பழி போட அத்தனை காரணங்கள் இருந்தன. இப்போது எழுத்து பெரிதாகி, நிறம் தெளிந்து, ஒரு காரணமும் மிச்சமில்லாமல் போனபின்தான் அது தனியாக வந்து நின்றது.

"ஷாலினி."

"இன்னா அண்ணி?"

"இந்தக் கோடெல்லாம் உனக்கு நேராத் தெரியுதா?"

ஷாலினி எட்டிப் பார்த்தாள். "நேராத்தான் இருக்குது. ஏன்?"

மேசைமேல் ஷாலினியின் கைப்பேசி கிடந்தது. தேவிப்ரியா அதைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"சும்மா கேட்டேன். முடிஞ்சிடுச்சு, வந்து நீ ஒரு தடவ படி. வாய்விட்டுப் படி."

இதுவரை தன் வேலையை அவள் யாரையும் படிக்கச் சொன்னதில்லை. ஷாலினி மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தாள். தவறு ஒன்றும் இல்லை. கீழே, பெயர்களுக்கு மேல், 'மகிழ்வுடன்' என்று இருந்தது.

நாராயணசாமி வந்து, விரித்துக் காட்டிய பேனரின் முன்னால் வெகுநேரம் நின்றார். மனைவியின் படத்தை விரல் படாமல் சுட்டிக் காட்டினார். "அவளையும் போட்டுட்டியா?" என்றார். அப்புறம் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். அவர் நடையில் அவசரம் இருந்தது.

*

விளக்கு வைக்கும் நேரத்துக்கு இளவரசன் வந்தான். மலையில் மழை பிடித்துக்கொண்டதாம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றான். ஷாலினி நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். நாராயணசாமி வந்தது, போட்டோ பிடித்துப் படித்தது, திரையைச் சரிசெய்தது, பேனர் போனது.

கேட்டு முடித்தவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த துண்டை இறக்கினான். "நான் கேட்டிருக்கணும் தேவி. உன்ன ஒக்கார வெச்சேனே தவிர, இன்னா ஆச்சுன்னு கேக்கல." பிறகு தயங்கி, "இப்ப சரியாயிடுச்சா?" என்றான்.

ஷாலினி சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்தாள்.

சரியாகிவிட்டது என்று சொல்வது எவ்வளவு எளிது. ஒரு சொல். ஷாலினி பெங்களூர் போவாள், இளவரசன் நிம்மதியாகச் சாப்பிடுவான், நாளையிலிருந்து நாற்காலி அவளுடையது. தேவிப்ரியா அந்தச் சொல்லைத் தொண்டைவரை கொண்டுவந்துவிட்டாள்.

"ஸ்க்ரீன் சரியாயிடுச்சுங்க" என்றாள். எழுந்து நாற்காலியைக் காட்டினாள். "நீங்க இப்டி வந்து உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். அவள் கட்டக் கோடுகளை மட்டும் திரையில் நிறுத்தினாள்.

"எடது கண்ண மூடிக்கினு பாருங்க. கோடு எப்டித் தெரியுது?"

"நேராத்தான் தெரியுது."

"எனக்கு வளையுது. வலது கண்ணுல மட்டும். நடுவுல கலங்கலா இருக்குது. இத்தன நாளு ஸ்க்ரீன் மேலயே பழியப் போட்டுக்கினு இருந்துட்டேன்."

இளவரசன் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மௌசை எடுத்தான். கட்டங்களைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். திரை முழுவதும் நாலே கட்டம் நிற்கும்வரை சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"இப்ப?" என்று கேட்டான்.

"அதுல இல்லீங்க" என்றாள் அவள். அவன் கைமேல் கை வைத்து மௌசை நிறுத்தினாள்.

"காலைல மொத பஸ்ல பாண்டி போவோம். பெரிய கண்ணாஸ்பத்திரியிலேயே காட்டிடுவோம். கடைய மூடிட்டுப் போவோம்" என்றான்.

"போவோம்."

ஷாலினி ஏதோ டைப் அடித்துக்கொண்டிருந்தாள். தேவிப்ரியா எட்டி அந்தக் கைப்பேசியைப் பிடித்தாள். 'மன்னிக்கவும்' என்று தொடங்கியிருந்தது.

"இத அனுப்பாத."

"வுடுங்க அண்ணி. உங்கள இப்டி வுட்டுட்டு நான் எப்டிப் போறது?"

"என் கண்ணு நான் காட்டிக்கறேன். நீ உன் வேலையப் பாரு. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

"எங்க போறது?" இளவரசன் நாற்காலியோடு திரும்பினான். "யாரு போறா?"

ஷாலினி அண்ணியைப் பார்த்தாள். இது ஷாலினி சொல்ல வேண்டியது.

"நான் சொல்லாம வெச்சிக்கினு இன்னா ஆச்சுன்னு பாத்தல்ல?" என்றாள் தேவிப்ரியா. "நீயே சொல்லு."

ஷாலினி கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். அதில் எழுதியிருந்ததை அழிக்கவில்லை, அனுப்பவும் இல்லை. ஸ்டூலை அண்ணனுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, மொதல்ல முழுசா கேளு. அப்பறம் பேசு" என்று ஆரம்பித்தாள்.